வறண்ட மண்ணின் இரவு வரவு



மண் ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் நடக்கும் வேலை ஒன்று உண்டு. வயலிலிருந்து வந்த கரிசல் மண்ணை நிழலில் உலர்த்தி, இடித்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, சிறு அலுமினியக் கிண்ணத்தில் இட்டு, 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனுக்குள் ஒரு நாள் முழுக்க வைப்பார்கள். வெளியே எடுத்த கிண்ணத்தை நேரே தராசில் வைப்பதில்லை. சிலிக்கா ஜெல் போட்ட கண்ணாடிக் கலத்துக்குள் மூடி ஆறவிட்டு, ஆறியவுடன் சட்டென்று எடை எடுத்துவிடுவார்கள். புதிதாக வந்த மாணவர் யாராவது அவசரமில்லாமல் கிண்ணத்தைத் திறந்தபடி தராசில் விட்டுவிட்டால், எண்பலகையின் கடைசி இலக்கம் மெல்ல ஏறத் தொடங்கும். ஒன்று ஏறும், இன்னொன்று ஏறும், நிற்கவே நிற்காது. கிண்ணத்தை யாரும் தொடவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் விழவில்லை. அறைக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நீராவியை அந்த மண் இழுத்துக்கொண்டிருக்கிறது.

தராசில் நடப்பது நிலத்திலும் நடக்கிறது. மழையே இல்லாத மாதங்களில், பொழுது சாயும் நேரம் தொடங்கி விடியும்வரை, வறண்ட நிலங்கள் காற்றிலிருந்து நீரை வாங்குகின்றன. விடிந்தபின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. மண் நீரை வாங்குகிறது என்பதில் அறிவியலுக்கு ஐயம் இல்லை. வாங்கியதை அது யாருக்குத் தருகிறது என்பதில்தான் இருநூறு ஆண்டுகளாக ஒரு பக்கம் மிகையான நம்பிக்கையும், மறுபக்கம் முழு அலட்சியமும் இருந்து வந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள கணக்கைச் சொல்வதே இந்தச் சொற்பொழிவின் நோக்கம்.

மூன்று வழிகள்

மழையில்லாமல் காற்றிலிருந்து நிலத்துக்கு நீர் வந்துசேர மூன்று வழிகள் உண்டு. முதலாவது மூடுபனி. இதில் காற்றிலேயே நீர் துளிகளாக மிதக்கிறது. செடி, கல், வலை என எதில் மோதினாலும் அங்கே தங்கிவிடும். தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீபுப் பாலைவனக் கடற்கரை இதற்குப் பெயர்பெற்றது. இரண்டாவது பனித்துளி. புல்லோ மண்ணோ இரவில் குளிர்ந்து, காற்றின் பனிநிலை எனப்படும் வெப்பநிலைக்கும் கீழே இறங்கினால்தான் துளி உருவாகும்.

மூன்றாவது வழிக்குப் பனிநிலை தேவையில்லை. மண்துகள்களின் இடுக்குகளில் உள்ள நீராவியின் அழுத்தம், வெளிக்காற்றில் உள்ள நீராவியின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும். நீராவி தானாக உள்ளே நகர்ந்து, துகள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். பாடநூல்கள் இதைப் பரப்புக் கவர்தல் என்கின்றன. பொரித்த அப்பளம் மழைநாளில் நமுத்துப்போவது இப்படித்தான். அப்பளத்தின்மேல் துளி எதுவும் நிற்பதில்லை, தொட்டால் கை நனைவதுமில்லை, ஆனாலும் நீர் ஏறிவிட்டது. வறண்ட மண்ணிலும் அப்படியே. விடியற்காலையில் நிலத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு எந்த அடையாளமும் இராது.

இந்தக் கவர்ச்சி களித்துகள்களில்தான் மிகுதி. களி என்பது நுண்ணிய தகடுகளின் அடுக்கு. தகடுகளின் பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் கால்சியம், சோடியம் போன்ற அயனிகள் அவற்றோடு ஒட்டி நிற்கும். நீர் மூலக்கூறுக்கு ஒரு முனையில் நேர்மின் தன்மையும் மறுமுனையில் எதிர்மின் தன்மையும் உள்ளதால், அது இந்தப் பரப்பையும் அயனிகளையும் நாடிப் போகிறது. முதல் அடுக்கு இறுகப் பிடிக்கப்படுகிறது. அதன்மேல் வரும் அடுக்குகளின் பிடி வரவரத் தளர்கிறது. காற்றின் ஈரப்பதம் இன்னும் கூடினால் மிக நுண்ணிய இடுக்குகள் முழுவதும் நீரால் நிரம்பிவிடும்.

எவ்வளவு நீர் ஏறும் என்பதைப் பெரும்பாலும் பரப்பளவே முடிவு செய்கிறது. கரிசலில் மிகுந்துள்ள மாண்ட்மொரிலோனைட் வகைக் களி ஒரு கிராமுக்கு 800 சதுர மீட்டர்வரை பரப்புக் கொண்டது. செம்மண்ணில் மிகுந்துள்ள கயோலினைட் களிக்கு அது 10 முதல் 20 சதுர மீட்டர்தான். பருமணலில் ஒரு சதுர மீட்டர்கூடத் தேறாது. ஒரே ஊரில், ஒரே காற்றில், ஒரே இரவில் கரிசலும் செம்மண்ணும் மணலும் வெவ்வேறு அளவு நீரை வாங்குவதற்குக் காரணம் இது.

டேவியின் மேசை

இந்தக் கவர்ச்சியை வேளாண்மையோடு சேர்த்து முதன்முதலில் அளந்தவர்களுள் முக்கியமானவர் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி. இங்கிலாந்தின் வேளாண் வாரியத்துக்காக ஆண்டுதோறும் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1813இல் வேளாண் வேதியியல் நூலாக வெளிவந்தன. வெவ்வேறு ஊர் மண்களை நீர் கொதிக்கும் வெப்பநிலையில் உலர்த்தி, ஒவ்வொன்றிலும் ஆயிரம் பங்கு எடுத்து, ஈரம் நிறைந்த காற்றில் ஒரு மணி நேரம் வைத்து, எடை எவ்வளவு கூடியது என்று அவர் பார்த்தார். ஸ்காட்லாந்தின் ஆர்மிஸ்டன் ஊரின் பேர்பெற்ற விளைநிலத்து மண் 18 பங்கு கூடியது. சாமர்செட் பகுதியின் பாரட் ஆற்றங்கரை மண் 16 பங்கு. எசெக்ஸ் பகுதியின் நுண்மணல் 11 பங்கு. பயிருக்கு உதவாத பாக்ஷாட் புதர்வெளி மண் 3 பங்கு மட்டுமே.

வளமான மண்தான் நீராவியை மிகுதியாக இழுக்கிறது என்று டேவி முடிவு செய்தார். நிலத்தின் தரத்தை மதிப்பிட இதுவே ஒரு வழி என்றும் கருதினார். அந்த வரிசை சரியானதே. நுண்களியும் மட்கும் மிகுந்த மண் நீராவியைப் பிடிக்கும், சத்துக்களையும் பிடிக்கும். ஆனால் இந்த அளவீடுகளிலிருந்து வேறொரு நம்பிக்கையும் கிளைத்தது: மண் இரவில் வாங்கிய நீரைப் பயிர் பகலில் குடிக்கிறது என்ற நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அது பலரிடம் இருந்தது. இன்றும் இருக்கிறது.

வேருக்கு எட்டாத நீர்

1912இல் அமெரிக்காவின் லைமன் பிரிக்ஸ், ஹோமர் ஷான்ட்ஸ் இருவரும் பலவகைப் பயிர்களைத் தொட்டிகளில் வளர்த்து, தண்ணீரை நிறுத்தி, எந்த ஈரத்தில் அவை மீளமுடியாமல் வாடுகின்றன என்று பார்த்தார்கள். பாலைச் செடியாயினும் தோட்டப் பயிராயினும், ஒரே மண்ணில் ஏறத்தாழ ஒரே ஈரத்தில் வாடின. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த எல்லையை அழுத்தக் கணக்கில் 15 பார் என்று வைத்தன. மண் நீரைப் பிடித்திருக்கும் விசை அதைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேரால் இழுக்க முடியாது.

காற்றின் ஈரப்பதத்தையும் மண்ணின் பிடிவிசையையும் இணைக்கும் சமன்பாடு கெல்வின் பிரபுவின் பெயரால் வழங்குகிறது. 20 டிகிரி வெப்பநிலையில் அதைப் போட்டுப் பார்த்தால் உண்மை பளிச்சென்று தெரியும். மண் 15 பார் நிலையில், அதாவது பயிர் வாடிவிழும் நிலையில் இருக்கும்போதும், அதன் இடுக்குகளில் உள்ள காற்று 98.9 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கிறது. வெளிக்காற்று அதைவிட உலர்ந்திருக்கும் வரை மண் நீராவியை இழக்குமே தவிர வாங்காது. 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள இரவுக் காற்றிலிருந்து மண் நீரை வாங்க வேண்டுமானால், அதன் பிடிவிசை 300 பாருக்கும் மேலே போயிருக்க வேண்டும். 50 விழுக்காடு ஈரப்பதக் காற்றுக்கு அந்த எண் 900 பாரைத் தாண்டுகிறது.

காற்றிலிருந்து பறிக்கும் அளவுக்கு வறண்ட மண், பறித்ததை வேருக்கு விட்டுக்கொடுக்காது. எந்த விசை நீரைக் கொண்டுவந்து சேர்த்ததோ அதே விசை அதைப் பூட்டியும் வைக்கிறது. இரவு ஈரமே பாசனத்துக்கு ஈடாகும் என்று யார் சொன்னாலும் இந்தக் கணக்கைக் கடந்துதான் சொல்ல வேண்டும்.

அளவையும் பார்க்கலாம். வறண்ட நிலத்தில் ஓர் இரவில் 0.2 மில்லிமீட்டர் ஏறுவதாக வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 200 மில்லிலிட்டர், ஏக்கருக்குச் சுமார் 800 லிட்டர். கேட்பதற்குப் பெரிதுதான். ஆனால் கோடையில் ஒரு பயிர் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் நீர் எடுக்குமானால் ஏக்கருக்கு 16,000 லிட்டருக்கு மேல் வேண்டும்.

நெகேவ் தந்த விடை

அப்படியானால் இந்த இரவு வரவுக்கு மதிப்பே இல்லையா? இந்தக் கேள்விக்குப் பொறுமையாக விடை தேடிய இடம் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனம். அங்கே வாடி மஷாஷ் என்ற ஆய்வுப் பண்ணை இருக்கிறது. மத்தியதரைக் கடலிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவு. ஆண்டு மழை 115 மில்லிமீட்டர் அளவே. காற்று கொண்டுவந்து குவித்த லோயெஸ் எனப்படும் நுண்வண்டல் மண். பென் குரியன் பல்கலைக்கழகத்தின் நூரித் ஆகம், பெத்ரோ பெர்லினர் இருவரும் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அங்கே கோடைக்கால அளவீடுகளை நடத்தினார்கள்.

முதல் சிக்கல் கருவியில் இருந்தது. அதற்கு முன் பனியை அளக்கப் பயன்பட்டவை பெரும்பாலும் மரக்கட்டைகள், தொங்கும் தட்டுகள், ஆழமில்லாத கிண்ணங்கள். இஸ்ரேலின் துவ்தெவானி 1940களில் வகுத்த மரக்கட்டை முறை உலகெங்கும் பரவியிருந்தது. ஆனால் மரக்கட்டை எப்படிக் குளிர்கிறதோ அப்படி மண் குளிர்வதில்லை. பகலில் கீழே சேர்ந்த சூடு இரவில் மேலேறி வந்து மேற்பரப்பைக் குளிரவிடாமல் தாங்குகிறது. ஆழமில்லாத கிண்ணத்து மண்ணுக்கு அந்த ஆதரவு இல்லை. அது கூடுதலாகக் குளிர்ந்து, நிலத்தில் உருவாகாத பனியைத் தன்மேல் உருவாக்கிக் காட்டும். இதைக் கண்டபின், கலையாத மண்தூண் நிரம்பிய குழாய் குறைந்தது 50 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். லைசிமீட்டர் எனப்படும் இந்தக் குழாயைத் தரைமட்டத்தில் புதைத்து எடையைத் தொடர்ந்து பார்த்தார்கள்.

மழையில்லாத மாதங்களில் ஒரு நாள் அங்கே இப்படிக் கழிகிறது. நண்பகலில் மேல்மண் கொதிக்கிறது. இரவில் வாங்கியதை எல்லாம் இழந்துவிட்டு, மாலைக்கு முன் மிகவும் வறண்ட நிலையை அடைகிறது. பிற்பகலில் கடற்காற்று வந்துசேர்ந்து ஈரத்தைக் கொண்டுவருகிறது. வெயில் சாயச் சாய மேல்மண் குளிரத் தொடங்கும்போது துகள்களின் பிடி கூடி, இடுக்குகளில் நீராவியின் அழுத்தம் குறைகிறது. காற்றில் கூடுதல், மண்ணில் குறைவு. எனவே நீராவி கீழே நகர்கிறது. குழாயின் எடை ஏறத் தொடங்குகிறது. சூரியன் உதித்துச் சற்று நேரம் கழித்து அது மீண்டும் இறங்குகிறது. எடை ஏறிய இரவுகளில் மண்ணின் மேற்பரப்பு பெரும்பாலும் பனிநிலைக்கு இறங்கவே இல்லை. அதாவது அது பனித்துளி இல்லை. நீராவியை மண் நேரே கவர்ந்த வரவு.

அந்த அளவீடுகள் காட்டிய இன்னொரு செய்தி இன்னும் பெரியது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,450 ஜூல் வெப்பம் செலவாகிறது. நீராவி மண்ணில் படியும்போது அதே அளவு வெப்பமாவது திரும்ப வெளியாகிறது. 0.2 மில்லிமீட்டர் நீர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 550 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம். இரவில் அது மண்ணுக்குள் வருகிறது, பகலில் மண்ணிலிருந்து எடுக்கப்படுகிறது. நெகேவில் கோடை இரவின் நிகரக் கதிர்வீச்சுக் கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த வழியில் போனது. பகலில் அது பத்தில் ஒரு பங்கும் அதற்குச் சற்று மேலும். முற்றிலும் வறண்டது, ஆவியாதல் சுழி என்று எழுதிவிட்டு நகர்ந்த நிலத்தில் இவ்வளவு நடந்துகொண்டிருந்தது. வறண்ட நிலத்தின் தரைவெப்பத்தைக் கணிக்க முயல்வோர் இதை ஒதுக்கினால் கணிப்பு இரவிலும் தவறும், பகலிலும் தவறும்.

நெகேவோடு இது நிற்கவில்லை. ஸ்பெயினின் எக்ஸ்திரமதூரா பகுதியில், கருவாலி மரங்கள் பரந்த மஹாதாஸ் மேய்ச்சல் காட்டில், ஒரு சதுர மீட்டர் வாயும் 1.2 மீட்டர் ஆழமும் உள்ள பெரிய எடைத் தொட்டிகள் நிலத்தில் புதைக்கப்பட்டுள்ளன. ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும் மண்ணில் 200 கிராம் ஏறி இறங்குவதை அவை பிடிக்கின்றன. அங்கும் கோடை இரவுகளில் இதே வரவு பதிவாகியிருக்கிறது.

குடிப்பவை யார்

பயிரின் வேர் குடிக்க முடியாததைக் குடிக்கும் உயிர்கள் உண்டு. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஓட்டோ லாங்கே நெகேவில் பாறைமேல் வளரும் ராமலினா மாசிபார்மிஸ் என்ற கற்பாசியை ஆராய்ந்தார். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர் அது. பகலில் நொறுங்கும் அளவுக்கு உலர்ந்து கிடக்கும். இரவு ஈரத்தில் உயிர்பெற்று, விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் சிறிது நேரம் ஒளிச்சேர்க்கை செய்து, மறுபடி உலர்ந்துவிடும். 1986இல் லாங்கேயும் உடன் பணியாற்றியோரும் இன்னொரு நுட்பத்தையும் காட்டினர். பச்சைப்பாசியோடு வாழும் வகைகள் துளி நீரே இல்லாமல், காற்றின் நீராவியை மட்டும் கொண்டு ஒளிச்சேர்க்கையைத் தொடங்குகின்றன. நீலப்பசும் பாசியோடு வாழும் வகைகளுக்கு நீர் துளியாக வந்தாக வேண்டும்.

உதிர்ந்த சருகும் நீராவியை வாங்குகிறது. மழையற்ற கோடையில் சருகு மக்காது என்றே பலகாலம் கருதப்பட்டது. மத்தியதரைப் புதர்க்காடுகளிலும் புல்வெளிகளிலும் நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வேறு விதமாகச் சொன்னது. இரவில் காற்றிலிருந்து ஏறும் ஈரத்திலேயே நுண்ணுயிர்கள் விழித்துச் சருகைச் சிதைக்கின்றன. பகலில் மீண்டும் அடங்கிவிடுகின்றன.

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், உலகிலேயே மிக வறண்ட இடங்களுள் ஒன்றான யுங்காயில், தரையெங்கும் உப்புப் பாறைகள். 75 விழுக்காடு ஈரப்பதத்தைக் காற்று எட்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசிகிறது. அந்தப் பாறைகளுக்குள் நீலப்பசும் நுண்ணுயிர்கள் வாழ்வதை யாசெக் வியர்சோஸும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்டார்கள்.

மனிதரும் முயன்றிருக்கிறார்கள். கிரைமியாவின் பியோடோசியாவில் 1912இல் ஜிபோல்ட் என்பவர் கற்களைக் குவித்துக் காற்று நீரைச் சேர்க்கப் பார்த்தார். 1930களின் தொடக்கத்தில் பெல்ஜியப் பொறியாளர் அஷில் நாப்பன் பிரான்சின் டிரான்ஸ் ஆன் புரோவான்ஸ் ஊரில் தடித்த சுவர்கொண்ட கோபுரத்தையே எழுப்பினார். பெருங்கற்கள் பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டதால் இரவில் போதிய அளவு குளிரவில்லை. எதிர்பார்த்த நீர் வரவில்லை. பின்னர் வேறு வழி திறந்தது. உலோக அயனிகளைக் கரிமச் சட்டங்களால் இணைத்துச் செய்யும் நுண்துளைப் பொருள் ஒன்று, 20 விழுக்காடு ஈரப்பதக் காற்றிலிருந்தும் நீரைக் கவர்ந்து, வெறும் வெயிலின் சூட்டில் விட்டுவிடுவதை ஓமர் யாகி, ஈவ்லின் வாங் குழுவினர் 2017இல் காட்டினர். இவ்வகைப் பொருள்களுக்காக யாகி, சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன் மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. களி செய்வதும் இதே வேலைதான். களியின் துளைகள் ஒரே அளவில் இல்லை. அதனால் நீரை மெல்ல மெல்ல ஏற்று, மெல்ல மெல்லவே விடுகிறது. இந்தப் புதிய பொருளின் துளைகள் ஒரே அளவில் அமைந்தவை. குறிப்பிட்ட ஈரப்பதத்தில் சட்டென்று நிரம்பி, சற்றுச் சூடேற்றினால் சட்டென்று காலியாகும்.

கரிசலும் உளுந்து வயலும்

காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கையில், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தை விதைத்துவிடுவார்கள். அதன்பின் பெரும்பாலும் தண்ணீர் கட்டுவதில்லை. பனியிலேயே விளையும் என்பது அங்கே வழக்கமான பேச்சு. மேலே பார்த்த கணக்குப்படி, அந்த உளுந்தைத் தாங்குவது முதன்மையாகக் களிமண் ஆழத்தில் தேங்கிய ஈரம். ஆனால் உழவர் சொல்வதில் உண்மை இல்லாமல் போகவில்லை. இலைமேல் விழுந்த பனியும் மேல்மண் இரவில் வாங்கிய ஈரமும் காலை வெயிலின் முதல் பங்கைத் தாங்கள் வாங்கிக்கொள்கின்றன. அவை உலரும்வரை செடி தன் நீரைச் செலவிடுவது குறைகிறது. வேருக்குள் போகாமலேயே செய்யும் உதவி அது.

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசலுக்கு இந்த ஆய்வு இன்னும் பொருத்தம். நெகேவின் லோயெஸைவிடக் களி மிகுந்த மண், நீண்ட கோடை, விளாத்திகுளம் பக்கம் மன்னார் வளைகுடாவிலிருந்து வரும் கடற்காற்று என்று வேண்டியவை அனைத்தும் அங்கே இருக்கின்றன. கோடை உழவு போட்ட நிலமும் போடாத நிலமும், சருகு மூடிய நிலமும் மூடாத நிலமும் இரவில் எவ்வளவு வாங்கிப் பகலில் எவ்வளவு விடுகின்றன என்று அளக்கப் பெருஞ்செலவு ஆகாது.

உள்விட்டம் 16 சென்டிமீட்டரும் நீளம் 50 சென்டிமீட்டரும் உள்ள பிவிசி குழாயை மண்ணில் அடித்து இறக்கி, மண் கலையாமல் தோண்டி எடுத்து, அடியை மூட வேண்டும். தோண்டிய குழியில் சற்றுப் பெரிய குழாயை உறையாக வைத்து, உள்ளே முதல் குழாயை வாய் தரைமட்டத்துக்கு வரும்படி இறக்க வேண்டும். எடை சுமார் 14 கிலோ வரும்; ஒரு கிராம் நுட்பமுள்ள தராசு தேவை. குழாயின் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்பதால் 2 கிராம் எடை கூடினால் 0.1 மில்லிமீட்டர் நீர் ஏறியது என்று பொருள். மாலை 4 மணிக்கு ஓர் எடை, சூரியன் உதிக்கும்முன் ஓர் எடை. கூடவே மேல்மண்ணின் வெப்பநிலையையும், உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகளைக் கொண்டு காற்றின் பனிநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். மண் பனிநிலைக்கு மேலே இருந்தும் எடை கூடினால் அது நீராவியின் நேரடி வரவு. கீழே இறங்கியிருந்தால் பனியும் கலந்திருக்கிறது. பக்கத்திலேயே செம்மண் நிரப்பிய இன்னொரு குழாயையும் வைத்தால் களியின் வேறுபாடும் எடையில் தெரிந்துவிடும். பங்குனி தொடங்கி ஆடி வரை, கோடைமழை பெய்த நாள்களைத் தவிர்த்து, வேளாண் கல்லூரி மாணவர் குழு ஒன்று இதை நடத்தினால் கரிசல் நிலத்துக்கான முழுப் பருவக் கணக்கு ஒன்று கைக்கு வரும்.